தாடையில் முளைத்தது

பொற்கொடி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் புருசன் ஈஸ்வரன், “ஸ்டோர்ல ஏலக்காயெல்லாம் காஞ்சிருச்சு புள்ள, மெதுவாப் போயிக்கிறேன்” என்று பதில் சொல்லிவிட்டு, அவளுக்கான கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

ஊசி போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வருசக்கணக்காகச் சோறு மெல்லும்போதெல்லாம் காதோரம் ‘டக்’கென்று சத்தமிட்ட தாடை, போன மாசம் ஒரு கொட்டாவியில் அப்படியே பூட்டிக்கொண்டது. “உன் வாய்க்குள்ள ஜீப்பு கியர் மாத்துது” என்று எந்நேரமும் கேலி செய்கிறவன், அன்று அழுதேவிட்டான். தேனி டாக்டர் அவள் கையிலேயே ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, தெளிந்த மஞ்சள் நீரைக் காதுக்கு முன்னால் மூட்டுக்குள் செலுத்தினார். தேய்ந்த இடம் மெல்ல வளர்ந்துவிடும், அதுவரை வாயை அகலத் திறக்காதீர்கள், பேச்சைக் குறையுங்கள் என்றார். பொற்கொடி பேச்சையே விட்டுவிட்டாள்.

சத்தம் நின்றதா என்று பார்க்கத்தான் ஈஸ்வரன் முதலில் அவள் கன்னத்தில் காதை வைத்தான். பிறகு எடுக்கவே இல்லை. மலைச் சரிவெங்கும் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிக்கிடக்க, காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகையும் ஏலக்காய் மணமும் கலந்து வீட்டுக்குள் வந்து நிற்க, வேலைக்கும் போகாமல் அவள்மேல் சாய்ந்து, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி மெல்லச் சிரித்து, “அப்படியா?” “ம்” என்று அவன் முனகும்போதெல்லாம், அவள் தோலுக்கடியில் ஏதோ ஒன்று மண்ணை முட்டும் முளைபோல நெளிந்தது. பாசம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இன்று தலையை உதறி விலகினாள். அவன் அவள் முகவாயைப் பரிவாகப் பிடித்தான்.

“ஆட்டாத புள்ள. அவ பேசட்டும்.”

அவ.

பல்லோடு பல் ஒட்டியிருந்தது. பிரிக்க முடியவில்லை. போனை அவன் எங்கோ ஒளித்துவிட்டான். அடிவாரத்துச் சிலமலையில் அக்கா இருக்கிறாள். எப்படியாவது கீழே இறங்கிவிட்டால் போதும்.

வெளியே ஹாரன். எஸ்டேட் லோடு ஏற்றிப் போகும் சின்ராசுவின் ஜீப்பு. கதவுக்கு ஓடினாள். பின்னாலேயே வந்த ஈஸ்வரன் அவளைக் கைகளோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

மஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அக்கா! போடிக்கு வர்றீகளா? வந்தா வெரசா வாங்க!”

வர்றேன் என்று கத்த, உயிரைக் கூட்டித் தாடையைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை.

“இல்ல தம்பி, நீ போ. ஊசி போட்ட எடம் வலிக்கிது.”

அவள் குரல். அச்சு அசலாக அவள் குரல். உதடு அசையவில்லை. காதுக்கு முன்னாலிருந்து வந்தது.

“சரிக்கா, உடம்பப் பாத்துக்கங்க!”

ஜீப்புச் சத்தம் ஒவ்வொரு வளைவாக இறங்கித் தேய்ந்தது.

ஈஸ்வரன் கதவைச் சாத்தினான். அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் பக்கத்தில் மண்டியிட்டான். “கேட்டியா, எம்புட்டு அழகாப் பேசுறா!” என்றான். பிறகு, “இன்னும் பக்கத்துல வரச் சொல்றா” என்று அவள் உதட்டில் காதைப் பொருத்தினான்.

பற்கள் பிரிந்தன. அவள் பிரிக்கவில்லை. இரண்டு விரல் அகலம். மூன்று. அதற்கும் மேல். ‘டக்’ இல்லை. வலி இல்லை. அவன் காது முழுதாக உள்ளே வந்தது. வெதுவெதுப்பு. உப்பு.

இரு கைகளாலும் தன் தாடையைக் கீழே இழுத்துப் பிடித்தாள். நகம் பதிய இழுத்தாள்.

அது மூடத் தொடங்கியது.

“ம்,” என்றான் ஈஸ்வரன், புதுமாப்பிள்ளையின் வெட்கத்தோடு.