பழைய ஃபியட்டும் சீராக வந்த பத்மினியும்

காலை 6.25. பனியன் கம்பெனி முதலாளி தரணீதரன் வீட்டு வாசலுக்கு வந்தார், அலறினார். அவருடைய 1962 ஃபியட்டின் முன்சீட் புகைந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டிருந்த கண்ணாடி வழியாக யாரோ சாயப்பட்டறை ஆசிட்டை உள்ளே ஊற்றியிருந்தார்கள். பத்து மணிக்கு அது பழைய கார் கண்காட்சிக்குப் போக வேண்டிய வண்டி.

அவர் செய்த முதல் காரியம், டிரைவர் அழகுமலையை அறைந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியைத் துடைத்த மனுஷனை, கண்ணுகளா.

7.10. எஸ்.ஐ. நித்யஸ்ரீ ஏட்டோடு வந்தார். பக்கத்தில் நின்ற 1988 பத்மினியையும் சுற்றிப் பார்த்தார். அது தரணீதரனுக்கு மாமனார் கொடுத்த கல்யாணச் சீர். இரண்டு வண்டிக்கும் அக்காள் தங்கை சாயல். பழையதற்கு முன்கதவின் கீல் இரண்டு கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில், பத்மினிக்கு முன்பக்கம். பத்மினியின் பானெட் திறந்து கிடந்தது.

"இதோட கார்புரேட்டர் எங்கீங்க?"

"நேத்து அழகுமலைய விட்டுக் கழட்டிப் பழசுக்கு மாட்டுனேன் மேடம். அது ராசாத்தி. இது தகர டப்பா!"

அவர் மனைவி அமராவதி காபி டம்ளரை ணங்கென்று வைத்தார்.

சாட்சி ஒருவர் இருந்தார். அமராவதியின் தம்பி சிவராஜ். முந்தின நாள் தாராபுரத்திலிருந்து வந்தவர். வலக்கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"ஆறு மணிக்குங்க. வாசல் கேட்டுக்கிட்ட, ஃபியட்டுக்கு நேர் பின்னாடி நின்னேன். இந்த அழகுமலை முன்கதவத் தொறந்து எறங்குனான். கையில வெள்ளக் கேன்."

"கை தெரிஞ்சுதுங்களா?"

"கை, இடுப்பு, வேட்டி, எல்லாம் பளிச்சுன்னு."

அழகுமலை கைகூப்பினார். "டீக்கடைக்குப் போயிருந்தனுங்கம்மா."

"பொய்யி! உள்ள தள்ளுங்க மேடம்," என்றார் தரணீதரன். ஏட்டு நெருங்கினார்.

நித்யஸ்ரீ கையமர்த்தினார். "சிவராஜ், இந்த ஃபியட்டுல எத்தன வாட்டி போயிருக்கீங்க?"

"எங்கப்பன் குடுத்த வண்டி நிக்கறப்ப இதுல ஏறுவனா? இது கதவக்கூடத் தொட்டதில்லீங்க."

7.40. சிவராஜ் கேட்டருகே நிறுத்தப்பட்டார். ஏட்டு ஃபியட்டின் முன்கதவைத் திறந்து, இறங்குகிறவர் நிற்கும் இடத்தில் நின்றார். கதவு பின்னோக்கி விரிந்தது. கழுத்திலிருந்து முழங்கால் வரை ஏட்டு மறைந்துபோனார்.

"இப்ப கை தெரியுதுங்களா?"

சிவராஜ் கைத்துண்டை இறுக்கிக்கொண்டார்.

"பத்மினிக் கதவுன்னா கை தெரியும். இதுல ஒரு தடவ ஏறுனவங்களுக்கும் இந்தக் கதவு ஆள மறைக்கும்னு தெரிஞ்சிருக்கும். வீம்புக்கு ஏறாத ஒருத்தர்தான் இப்படிக் கத கட்ட முடியும். துண்ட எடுங்க."

விரல்களில் ஆசிட் கொப்புளம்.

"ஆமா, நாந்தான் ஊத்துனேன்!" சிவராஜ் சீறினார். "எங்கப்பன் சபையில குடுத்த சீர, அவர் சாகற வரைக்கும் தகர டப்பான்னே சொன்னாரு மச்சான். நேத்து அதோட உசுரப் புடுங்கி இதுக்கு வெச்சாரு. புடுங்குன கை இவனுது. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் செஞ்சேன்!"

ஏட்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்.

தரணீதரன் தொண்டையைச் செருமினார். "செரி அழகுமலை, கோவத்துல கை நீண்டிருச்சு. போய் வண்டியக் கழுவு."

"அறஞ்சதுக்குப் புகார் குடுக்கறீங்களாங்க?" நித்யஸ்ரீ அழகுமலையைக் கேட்டார்.

"அவனெங்கீங்க குடுக்கப் போறான்!" முதலாளி சிரித்தார்.

அமராவதி உள்ளே போனார். நாற்காலி, வெள்ளைத்தாள், பேனாவோடு திரும்பினார். நாற்காலியை அழகுமலை பக்கம் போட்டார்.

முதலாளிக்கு எதிரே முதன்முறையாக உட்கார்ந்தார் அழகுமலை.

"இன்னைக்கு என்ன தேதிங்கம்மா?"