உப்பில் பதிந்த ஒற்றைச் செருப்பு

உப்பு ஏரியின் கரையோரமாகப் போகும் நடைபாதையின் வாசலில் சர்வேயர் காரை நிறுத்தியபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் மனைவி. பின் சீட்டு காலியாகி ஒரு வருஷம் ஆகிறது.

"அந்த விசிலையாவது எடுத்துட்டு வாங்க," என்றாள். "அவளுக்குன்னு வாங்கினது. அனாதையா கிடக்க வேணாம்."

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஜியோகேச்சிங் என்றால் உயிர். ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்துக்கான எண்களை ஃபோனில் போடுவார். அடுத்தவர் அதை வைத்துத் தேட வேண்டும். உள்ளே இருப்பதை எடுத்தால், பதிலுக்குத் தன் பொருள் ஒன்றை வைக்க வேண்டும். பிறந்தநாளுக்கு அப்பாவே ஒரு டப்பாவை ஒளித்தார். உள்ளே விசில். "தொலைஞ்சு போனா ஊது, அப்பா எங்க இருந்தாலும் ஓடி வருவேன்" என்று வாக்கு வேறு கொடுத்திருந்தார்.

ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனுஷன், அன்று ஓர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். ஃபோன் ஏரிக்குள் வழி காட்டியது. வாலு சிட்டாய்ப் பறந்தாள். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்த உப்புப் பாளம் அவளைத் தாங்கவில்லை. சேற்றில் தேடித் தேடிக் கிடைத்தது இடதுகால் செருப்பு மட்டும்தான்.

நேற்றுதான் அந்த எண்ணைத் திருத்தினார். அதுவரை அதைப் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை.

அவளைக் காரிலேயே விட்டுவிட்டு அவர் இறங்கி நடந்தார். பாதையில் ஈ காக்கை இல்லை. சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. காலடியில் உப்பு நொறுங்கியது. அவர் நின்றார்.

சத்தம் நிற்கவில்லை.

இன்னும் இரண்டடி நடந்துவிட்டுத்தான் நின்றது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நடையை எட்டிப் போட்டார். வளைவில், பட்டமரத்தடிக் கல்லைச் சுற்றி ஈரமான சின்னக் காலடிகள். ஏரியிலிருந்து வந்திருந்தன. வலது காலில் செருப்பு. இடது வெறுங்கால்.

கல்லுக்கடியில் தான் ஒளித்திருந்த டப்பாவை எடுத்துத் திறந்தார்.

விசில் இல்லை.

அது இருந்த இடத்தில் வாலுவின் மஞ்சள் கிளிப், உப்புப் பூத்து, இரண்டு தலைமுடியோடு கிடந்தது. விளையாட்டில் ஏமாற்றுவது அவளுக்குப் பிடிக்காது.

"கண்ணு," என்றார். "ஒரு வருஷமா தப்பான இடத்துலயே தேடிட்டு இருந்தியா?" அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஏரிக்குள்ளிருந்து விசில் கேட்டது.

எழுந்து ஒரு காலை உப்பின்மேல் வைத்தார். அதற்குள் மனைவி ஓடி வந்து சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"போகாதீங்க. உங்களையும் பறிகொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"கூப்பிடறாடி. வரேன்னு சொல்லியிருக்கேன்."

அவள் பிடியை விடவில்லை. விசில் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு மெலிந்தது. இருட்டியதும் ஓய்ந்துவிட்டது. பெற்றவர்கள் இருவரும் கடைசிவரை கரையிலேயே நின்றார்கள்.

மறுநாள் காலையில் மனைவி வாசல் கதவைத் திறந்தாள். கையசைத்து அவரைக் கூப்பிட்டாள்.

படியில் வெள்ளையாக உப்புத் தடங்கள். வலது காலில் செருப்பு, இடது வெறுங்கால். வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாலுவின் அறைக்குள் போயிருந்தன.

திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.