பச்சையாகிப்போன மஞ்சள்கரு

"இது என் கோழி போட்ட முட்டையே இல்லை, டாக்டரம்மா! என் மச்சான் மாத்திட்டான்!"

கால்நடை மருத்துவரின் மேசைமேல் கிண்ணத்தை ணங்கென்று வைத்தார் கோழிப்பண்ணைக்காரர். உள்ளே உடைத்து ஊற்றிய முட்டை. வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாக இருந்தது. மஞ்சள்கருவோ பாசி பிடித்த பச்சை. பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் பேக்கரி நடத்தும் மச்சான்.

"இவர் குடுத்த முட்டையை ஒரு மாசம் குளிர் அறையில வச்சேன், அவ்ளோதான்! இனிமே இவர் முட்டையும் வேணாம், சங்காத்தமும் வேணாம்!"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான்கு நாட்களாகத் தொலைபேசியில் இதே கூத்து. பண்ணைக்காரரின் மனைவி இந்த மச்சானின் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று புருஷன் போட்ட உத்தரவில் அவள் அழுதுகொண்டிருப்பது ஊருக்கே தெரியும். முட்டை போனால் போகிறது, உறவு போய்விடும் போலிருந்தது.

"ஊசி போட்டு விஷம் ஏத்தியிருக்காங்க!" என்றார் கம்பவுண்டர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் அவருக்கு எல்லாவற்றிலும் விஷம்தான் தெரியும்.

"ஓட்டுல துளை இருக்கான்னு பாருங்க" என்றார் டாக்டர்.

கூடவே கொண்டுவந்திருந்த மற்ற முட்டைகளை அவர் பூதக்கண்ணாடியில் உருட்டி உருட்டிப் பார்த்தார். துளை இல்லை. முகம் தொங்கிப்போனது.

"தீவனத்தை மாத்தினீங்களா?" என்று டாக்டர் பண்ணைக்காரரைக் கேட்டார்.

"சத்தியமா இல்லை. அதே சோயா, அதே மக்காச்சோளம்."

"வீட்ல சாப்பிடற முட்டை?"

"அன்னன்னைக்குப் போட்டதை அன்னன்னைக்கே சாப்பிடறோம். ஒரு குறையும் இல்லை."

"உங்க குளிர் அறையில வேற பண்ணை முட்டை?"

"பக்கத்துலயே இருக்கு, ஜம்முனு!" என்றார் மச்சான்.

"இதுல ரெண்டு மாசமா மாடு வேற பாலைக் குறைச்சிடுச்சு. எல்லாம் என் நேரம்!" என்று பண்ணைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "கிளம்புங்க, பண்ணைக்குப் போவோம்."

கோழிக் கொட்டகையில் அவர் தீவனத் தொட்டியின் மூலையைத் துழாவினார். மக்காச்சோளத் துணுக்குகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டது.

"இறகு!" என்றார் கம்பவுண்டர்.

"பஞ்சுய்யா, பஞ்சு! கோழித் தீவனத்துல பஞ்சுக்கு என்ன வேலை?"

அடுத்து மாட்டுத் தொழுவத்தில் இருந்த புண்ணாக்கு மூட்டைக்குள் கைவிட்டார். அங்கேயும் அதே பஞ்சு. எல்லோரையும் அங்கேயே நிற்கச் சொன்னார். சாணம் அள்ளிக்கொண்டிருந்த மனைவியும் கூடையோடு வந்து நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றீங்க, அதான் எனக்கு எரிச்சலா வருது! புது முட்டை நல்லா இருக்கு, அதனால பண்ணைமேல சந்தேகம் வரலை. அதே அறையில மத்த முட்டை நல்லா இருக்கு, அதனால குளிர் அறைமேலயும் தப்பில்லை. அப்போ குத்தம் முட்டைக்குள்ளயே ஒளிஞ்சிருந்து, நாள்பட்டு வெளியே வருது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தின்ன கோழியோட முட்டை அப்படித்தான். குளிர்ல வாரக்கணக்குல வச்சா கரு நிறம் மாறிடும். மாட்டு வயித்துல அந்தப் புண்ணாக்கோட நஞ்சு அடங்கிடும், கோழிக்கு அடங்காது. இங்கே மாட்டுப் பங்கு குறைஞ்சிருக்கு, பாலும் குறைஞ்சிருக்கு. அந்தப் பங்கு கோழிக்குப் போயிருக்கு. நிறுத்தினா சில வாரத்துல சரியாயிடும்."

"நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி. "கோழிங்க மெலிஞ்சு கெடந்துச்சு. மாட்டுக்குச் சத்துன்னா கோழிக்கும் ஆகும்னு பாதியை எடுத்துக் கலந்தேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று பாய்ந்தார் பண்ணைக்காரர். "வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

அவள் கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"கேட்டாத்தானே சொல்றதுக்கு! நாலு நாளா என் அண்ணனைத் திருடன்னு திட்டினீங்க. அண்ணே, நீயும் இவரைப் புளுகன்னு சொன்னே. தினம் தீவனம் வைக்கிறவ நான். என்ன வைக்கிறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

பண்ணைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மாட்டைப் பார்த்தார். கம்பவுண்டர் மட்டும், "எங்க டாக்டரம்மா கேட்டாங்களே!" என்று பெருமையாக டாக்டரின் பக்கம் திரும்பினார்.

டாக்டர் விரலில் ஒட்டிய பஞ்சைத் துடைக்கவும் மறந்து நின்றார். தீவனத்தை மாற்றினீர்களா என்று காலையில் அவரும் பண்ணைக்காரரைத்தான் கேட்டிருந்தார்.