நீர்நாயகத்தின் முக்காடு

கதிரவன் மேற்கே மறைந்தும் மறையாமலும் இருந்த அந்த மாலை வேளையில், ஐப்பசித் திங்களின் முழுமதி கீழ்வானத்தில் மெள்ள எழுந்து, எட்டு நாட்களுக்கு முன்பு கரைபுரண்டு வந்து வளவன்பட்டினத்தையே விழுங்கப் பார்த்த செம்பாற்றின் மீது, ஒன்றுமே நடவாததுபோல் தன் வெண்ணொளியைப் பரப்பிக்கொண்டிருந்தது. வேரோடு பெயர்ந்து வந்த மருத மரங்கள் ஆற்றின் நடுத்திட்டுகளில் சாய்ந்து கிடந்தன. அவற்றின் கிளைகளில் யாருடைய வீட்டுக் கூரையோ, யாருடைய தொட்டில் துணியோ சிக்கிக் காற்றில் அசைந்தன. அந்தத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறு படகு தெற்குக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

படகில் இருந்தவர்கள் இருவர். துடுப்புப் போட்டவன் மருதன் என்ற ஓடக்காரன். முன்பக்கத்தில் தலை குனிந்து அமர்ந்திருந்தவன், நகரக் காவற்படையின் இளந்தலைவனான மாறவேள். இருபத்தாறு பிராயத்தில் எட்டே நாட்களில் ஒரு மனிதன் இத்தனை மூப்படைய முடியுமா என்று பார்த்தவர்கள் வியக்கும்படி அவன் முகம் வாடிப்போயிருந்தது.

மருதனோ பேச்சை நிறுத்துகிறவன் அல்ல. "அந்த முக்காட்டுக்காரர் யாரோ, அவர் நல்லா இருக்கணும் ஐயா! எங்க தெருவுல ஒரு கோழிகூடச் சாகலை. எம் பொஞ்சாதி தெனமும் அவர் பேரச் சொல்லி விளக்கேத்தணும்கிறா. பேரு தெரிஞ்சாத்தானே!" என்றான்.

மாறவேள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்பார்ந்த வாசகர்களே! அந்த முக்காட்டுக்காரர் யார் என்பதை மருதனுக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்வதில் தடையில்லை. அவருக்கு மூன்று முழத் தூரத்தில்தான் மருதன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

வளவன்பட்டினத்தை ஆண்டு வந்தது நகர சபை. சந்தை, சாலை, ஏரி, கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் உண்டு. ஒரு வாய்க்காலைத் தூர்வாரக்கூட நாலு நாள் வாதாடித்தான் முடிவு செய்வார்கள். ஆனால் வெள்ளம் வாதம் முடியும்வரை காத்திருக்குமா? ஆகையால் முன்னோர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்குமுன் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சபை முதல்வர் தனியே ஓர் ஓலையை எடுத்து, அதில் பெயர் வந்தவருக்கு மட்டும் இரகசியமாகச் சொல்வார். படித்துறையில் செதுக்கிய கற்சிங்கத்தின் பாதத்தை ஆற்று நீர் தொட்டவுடன் நீர்முரசு முழங்கும். அந்தக் கணமே சபையின் அதிகாரம் முழுவதும் அந்த ஒருவர் கைக்கு வந்துவிடும். அவர்தான் நீர்நாயகம். எந்த வீட்டையும் இடிக்கலாம், எந்தப் படகையும் பறிக்கலாம், எந்தக் கரையையும் வெட்டலாம். ஏன் என்று கேட்க அரசரின் அதிகாரிக்கும் உரிமை கிடையாது. நீர் சிங்கத்தின் பாதத்தை விட்டு இறங்கியதும் அதிகாரமும் இறங்கிவிடும். ஓலையை விளக்கில் கொளுத்திவிடுவார்கள்.

நாயகம் மார்பு வரை தொங்கும் கரிய முக்காடு அணிந்து மணிக்கோபுரத்தில் தனியே இருப்பார். வாய் திறந்து பேசமாட்டார், கட்டளைகளை எழுதித்தான் கொடுப்பார். இதற்கும் காரணம் இருந்தது. இரண்டு தலைமுறைக்கு முன்பு ஒரு நாயகம் வடகரையை வெட்டி ஊரைக் காப்பாற்றினார். மறு மாதமே, அந்த வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவன் அவரைச் சந்தைத் தெருவில் குத்திக் கொன்றுவிட்டான். அதன் பிறகு அந்தப் பதவிக்கு ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. முக்காடு வந்த பிறகுதான் வந்தார்கள். முக்காட்டைத் தானே விலக்கித் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் நாயகம் அன்றே ஊரை விட்டு வெளியேற வேண்டும், திரும்பி வரக்கூடாது என்றும் விதி செய்திருந்தார்கள்.

இந்த ஆண்டு குடத்திலிருந்து வந்தது மாறவேளின் பெயர்.

எட்டு நாட்களுக்கு முன் நண்பகலில் நீர் சிங்கத்தின் மார்புக்கு ஏறியது. தென்கரையை வெட்டித் தாழ்வான தென்சேரிக்குள் ஆற்றைத் திருப்பினாலன்றி நகரம் பிழைக்காது என்பது தெளிவாயிற்று. மாறவேள் பதறவில்லை. தென்சேரியைக் காலி செய்யும்படி பறை அறைய எழுதிக் கொடுத்தான். மக்கள் ஆடு மாடுகளோடு கோயில் மேட்டுக்கு வந்து குவிந்தார்கள். ஒவ்வொரு தெருத் தலைவனிடமிருந்தும் 'வீடுகள் காலியாயின' என்று ஓலை வந்தது. பதினோரு தெருக்களுக்குப் பதினோரு ஓலைகள். கடைசி ஓலையைக் கண்ட பிறகே கரையை வெட்டக் கட்டளையிட்டான். நாற்பதினாயிரம் உயிர்கள் பிழைத்தன. ஓர் உயிர் மட்டும் போயிற்று.

தென்மதகின் காவலர் எயினனார் எந்தத் தெருவிலும் வசிக்கவில்லை. மதகு மேடையிலேயே அவருக்குக் குடில். ஆகையால் எந்தத் தெருத் தலைவனின் ஓலையிலும் அவர் இல்லை. பறையொலி கேட்டு மற்றவர்கள் ஓட வேண்டும். மதகுக் காவலர் மட்டும் ஓடக்கூடாது, நாயகத்தின் முத்திரை மோதிரம் தம் கைக்கு வரும்வரை மதகை விட்டு அகலேன் என்று சத்தியம் செய்தவர் அவர். முத்திரை போகவில்லை. எயினனாரும் போகவில்லை.

அந்த எயினனார் வேறு யாருமல்லர். வருகிற தை மாதம் மாறவேளுக்கு மாலையிட இருந்த இளநங்கையின் தந்தை. தாயில்லாத அந்தப் பெண்ணை மடியில் வைத்து வளர்த்தவர். மாறவேளைக் கண்டால், "மாப்பிள்ளை, என் மதகு நாள் முழுதும் சும்மா இருக்கிறது, உம்முடைய படையும் அப்படித்தானே?" என்று கேலி செய்து குலுங்கக் குலுங்கச் சிரிப்பவர். இப்போது ஒரு சிறு கலசத்தில் சாம்பலாக இருந்தார்.

இளநங்கை அந்தச் சாம்பலை ஆற்றில் கரைக்க மறுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் சபையின் முன் வந்து நின்று, "பெரியோர்களே! நான் யாருடைய தலையையும் கேட்கவில்லை. அந்த நாயகம் என் எதிரே வந்து நான் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவரையில் என் தந்தைக்குக் கடைசிக் காரியம் நடவாது, எனக்கு ஆகாரமும் இல்லை" என்று சபதம் செய்தாள். சபை கண் கலங்கியது. ஆனால் விதி விதிதான் என்று சொல்லிவிட்டது. அவள் இடிந்துபோன மதகு மேடைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலையில் சபை முதல்வர் சோமாசியார் மாறவேளை அழைத்து, கதவைத் தாளிட்டுக்கொண்டு பேசினார்.

"தம்பி! ஓலை எரிந்துவிட்டது. இனி இது உமக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பெண்ணைத் தையில் மணந்து கண்ணை இமை காப்பதுபோல் காத்து வாரும். அதைவிடப் பெரிய பிராயச்சித்தம் உண்டா? நீர் வாய் திறந்தால் அவளையும் இழப்பீர், ஊரையும் இழப்பீர். முக்காடு ஒரு தரம் விலகிவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு யார் வருவார்? சொல்லும்!"

சோமாசியார் சொன்னதில் பொய் இல்லை. மாறவேள் வணங்கிவிட்டு வெளியே வந்து, நாள் முழுவதும் ஆற்றங்கரையில் நடந்தான். மூன்று நாளாகப் பட்டினி கிடப்பவள், தான் மௌனமாயிருக்கும் ஒவ்வொரு நாழிகையிலும் சாவை நெருங்குகிறாள் என்ற நினைவு அவன் நெஞ்சை அறுத்தது. பொழுது சாய்ந்ததும் மருதனின் படகில் ஏறினான்.

மதகு மேடையின் எஞ்சிய கற்களின் மேல், கலசத்தை அருகில் வைத்துக்கொண்டு இளநங்கை அமர்ந்திருந்தாள். நிலவொளியில் அவள் கன்ன எலும்புகள் துருத்தித் தெரிந்தன. மாறவேளைக் கண்டதும் அந்த வாடிய முகத்திலும் ஒரு சிறிய ஆறுதல் தோன்றியது. ஐயோ! அந்த ஆறுதலைக் கண்டுதான் அவனுக்கு மறுபடியும் படகில் ஏறி ஓடிவிடலாம் என்று தோன்றியது.

"வாருங்கள். என்னைச் சாப்பிடச் சொல்ல வந்திருந்தால் மட்டும் பேசாதீர்கள். சும்மா சற்று நேரம் உட்கார்ந்திருங்கள், அது போதும்" என்றாள்.

"இளநங்கை! நீ கேட்ட மனிதனை அழைத்து வந்திருக்கிறேன்."

அவள் சட்டென்று எழுந்தாள். அவனைத் தாண்டிப் படகைப் பார்த்தாள். அங்கே மருதன் மட்டும் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பிறகு மாறவேளைப் பார்த்தாள். பார்த்தது பார்த்தபடியே நின்றாள்.

"தாங்களா?" என்ற சொல் காற்றோடு காற்றாக வந்தது.

"நான்தான்."

அவளைத் தாங்குவதற்காக அவன் கையை நீட்டினான். அவள் கல்லைப் பற்றிக்கொண்டாள். பிறகு அவள் பேசியபோது அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் கெஞ்சினாள்.

"சோமாசியார் எனக்குச் சொன்னார். ஒரு கணம் தாமதித்திருந்தாலும் நகரம் போயிருக்கும் என்றார். அதைத்தான் நான் நாயகத்தின் வாயிலிருந்து கேட்க விரும்பினேன். சொல்லுங்கள்! முத்திரையை அனுப்ப நேரம் இல்லை. அப்படித்தானே? நேரம் இல்லைதானே?"

வாசகர்களே! 'ஆம்' என்ற ஒரே ஒரு சொல் போதும். அதைப் பொய் என்று சொல்ல உலகில் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்ணே அதைக் கையில் எடுத்து அவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டால் ஊர் போனாலும் அவள் போகமாட்டாள். எந்த நாட்டுக்கும் அவனோடு வருவாள்.

மாறவேள் "நேரம் இருந்தது" என்றான்.

"என்ன?"

"நேரம் இருந்தது, இளநங்கை. கரையை வெட்டுகிறவர்கள் வந்து சேர ஒரு நாழிகை ஆயிற்று. கோபுரத்தின் அடியில் படகு கட்டியிருந்தது. மோதிரம் என் விரலில் இருந்தது. அரை நாழிகையில் இங்கே வந்திருக்கலாம். எனக்கு நினைவு வரவில்லை."

"என் தந்தையையா? தங்களுக்கா?"

"கோயில் மேட்டில் உன்னைப் பார்த்தேன். பச்சைச் சேலையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். நீ பிழைத்தாய் என்று கண்டதும் என் மனத்தில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் பதினோரு ஓலைகளை மட்டுமே எண்ணினேன். நீர் இந்த மேடையில் மோதிய ஓசை கேட்டபோதுதான் அவர் நினைவு வந்தது." அவன் குழந்தையைப்போல் விம்மி அழுதான்.

இளநங்கை கலசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அன்று நான் போகமாட்டேன் என்றேன். அப்பாதான் கடிந்து அனுப்பினார். 'நாயகம் என்னை மறக்கமாட்டார் அம்மா, முத்திரை வரும். நீ போ' என்றார். கடைசி வரையில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்" என்றாள். அப்போதுதான் எட்டு நாளாக வராத கண்ணீர் அவள் கண்களிலிருந்து பெருகியது. அழட்டும் என்று நாமும் சற்று விலகி நிற்போம்.

அழுது ஓய்ந்ததும் அவள் கீழே இறங்கி ஆற்று நீரை வலக்கையில் அள்ளிக்கொண்டாள்.

"தாங்கள் உண்மையைச் சொன்னீர்கள். நாளைக் காலையில் சாம்பலைக் கரைப்பேன், ஆகாரமும் கொள்வேன். இந்தச் செம்பாற்றின் மீது ஆணையாக இன்னொன்றும் சொல்கிறேன். என் தந்தையின் இடத்தில் இனி நான் இந்த மதகைக் காப்பேன். இனி எந்த நாயகமும் கோபுரம் ஏறுமுன் இங்கே வந்து, முக்காடு இல்லாமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அவர் பெயரை என் உயிர் போனாலும் வெளியில் சொல்லேன். சபை ஒப்புக்கொள்ளாவிட்டால் அன்று நீர்முரசின் மேல் குறுக்கே படுத்துக்கொள்வேன்!"

அவள் நீரைக் கீழே விட்டாள். தான் இல்லாத ஊருக்கு அடுத்த வெள்ளத்தில் ஒரு நாயகம் கிடைப்பார் என்று மாறவேளுக்கு அப்போது நம்பிக்கை பிறந்தது. சோமாசியாரின் கேள்விக்கு இதுவே பதில் என்று எண்ணினான். ஆனால் அந்தப் பதிலால் அவன் துயரம் அணுவளவும் குறையவில்லை.

"நான் இப்போதே எல்லை கடக்க வேண்டும். சோமாசியாருக்கு ஓலை எழுதி வைத்துவிட்டேன்" என்றான். "இளநங்கை! வருஷங்கள் கழித்து என்றாவது ஒரு நாள், விதியையும் மீறி, இந்தக் கரைக்கு ஒரு தரம்..."

"வராதீர்கள்!" என்று அவள் கூவினாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்:

"வந்தால் தங்களை நான் மன்னித்துவிடுவேன். எனக்குத் தெரியும், மன்னித்துவிடுவேன். என் தந்தைக்கு அந்தத் துரோகத்தை என்னைச் செய்ய வைக்காதீர்கள்."

மாறவேள் தலை வணங்கினான். பிறகு படகில் ஏறி, நகரம் இருந்த திசையை விட்டு எதிர்த்திசையில் விடும்படி மருதனிடம் சொன்னான்.