பத்து நிமிடம் முந்தி

மார்ச் பதினான்காம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு, பழைய மருத்துவமனையின் ஆறாம் வார்டில் மென்பொருளை மாற்றும் வேலை தொடங்கியது. நோயாளிகளை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே கணினிகள் இருந்தன.

நிரல் எழுதுகிறவள் பையை மேசைமேல் வைத்தாள். மூலையில் ஒரு கட்டில் மட்டும் எடுக்கப்படாமல் கிடந்தது. போன வருடம் அவள் கணவன் இறந்தது அதில்தான். பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பினாயில் வாடை மட்டும் அடித்தது.

கூட வந்தவனை அலுவலகத்தில் எல்லோரும் தாடி என்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய சண்டையை எடுத்தான்.

"அக்கா, அந்தத் தானா விழுற நேரத்தைத் தூக்கிடலாம்க்கா. நோயாளி பதிவுல ஒண்ணுமே மாத்தாம சேமிச்சாலும் 'கடைசியா மாத்தினது இப்ப'ன்னு விழுந்து தொலைக்குது. போன வாரம் ஒரு திருத்தம் ஓட்டினேன். நாப்பதாயிரம் பேருக்கும் ஒரே நேரம். எல்லாரும் ஒரே நொடியில மாத்திரை முழுங்கின மாதிரி!"

"கையால அடிக்கச் சொன்னா, நர்ஸுங்க டூட்டி முடியறப்ப மொத்தமா உட்கார்ந்து கைக்கு வந்ததை அடிப்பாங்க."

"அடிச்சது யாருன்னாவது தெரியும்ல?"

அவள் கணினியைத் திறந்தாள். அதை எடுக்காததற்கு உண்மையான காரணம் வேறு. இறந்த கணவனின் பதிவை யாரும் தொட வேண்டியதில்லை. ஆனாலும் அதில் அந்த நேரம் மட்டும் தினமும் மாறிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைத் திறந்து பார்ப்பாள். காலையில் எழுந்திருக்க அது போதுமானதாக இருந்தது.

தாடிக்கும் அது தெரியும். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஏதோ பழைய நிரல் பின்னாடி ஓடுதுக்கா. அது மாமா இல்ல."

"சரி. நானே எடுத்துடறேன்."

எடுத்தாள். தானாக விழும் நேரம் எல்லாப் பதிவுகளிலிருந்தும் அழிந்தது. அந்த இடத்தில், கையால் அடிக்க வேண்டிய வெற்றுக் கட்டம் வந்தது. அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. கடைசியாக ஒரு தடவை கணவனின் பதிவைத் திறந்தாள்.

மூலையில் கட்டில் கம்பி முனகியது.

பினாயில் வாடை போய், அவன் போடும் சவர சோப்பின் வாடை வந்தது.

கட்டம் காலியாக இல்லை. 4.50.

"நீங்களா அடிச்சீங்க?" தாடி கிசுகிசுத்தான்.

"இல்ல."

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு நாற்பது.

அவள் கணவன் கைக்கடிகாரத்தை எப்போதும் பத்து நிமிடம் கூட்டியே வைத்திருப்பான், பேருந்தைப் பிடிக்க. யார் மணி கேட்டாலும் அந்த நேரத்தைத்தான் சொல்வான். நிறுத்தத்துக்கு அவளுக்கு முன்னால் ஓடுவான். "நான் போய் இடம் பிடிக்கிறேன், நீ மெதுவா வா."

அவள் திரும்பினாள்.

மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

மறுபக்கம் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"அக்கா, வேணாம். வாங்க போயிடலாம்."

தாடி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

தானாக விழும் நேரம் இல்லாமலேயே புதிய மென்பொருள் மறுநாள் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டிலை எடுத்துவிட்டார்கள். பழைய நாற்பதாயிரம் பதிவுகளில் ஒன்றில் மட்டும் நேரம் இருக்கிறது. எப்போது திறந்தாலும் அது அப்போதைய மணியைவிடப் பத்து நிமிடம் முந்தியிருக்கிறது.