முஷ்டியில் ஒரு பல்!

"ஆ...!"

அந்த அலறல் ஆஸ்பத்திரியின் மூன்று மாடிகளையும் உலுக்கியது.

டாக்டர் ராக்னில்ட் அழுத்தியது ஒரே ஒரு விரலைத்தான். அதற்கே ஆறடி மீனவன் ஐலிஃப் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டான்.

காலை பதினொரு மணி. ஜன்னலுக்கு வெளியே லோஃபோட்டன் தீவுகளின் மேல் மார்ச் மாதத்துப் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

ஐலிஃபின் வலது கை உப்பிப் பளபளத்தது. நடுவிரல் கணுவின் மேல் அரை அங்குலக் காயம். அதிலிருந்து சீழ்... நாற்றம்!

"என்ன கடிச்சது?"

"ஓநாய் மீன், டாக்டர். வலையிலேர்ந்து எடுக்கறப்ப கவ்விடுச்சு."

"எப்போ?"

"மூணு நாள் ஆச்சு."

"மூணு நாளா இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

பதில் அவன் பக்கத்தில் நின்றவனிடமிருந்து வந்தது.

"என் தங்கச்சியைத் தேடிட்டிருந்தோம், டாக்டர்."

ஹால்வர். மீட்புப் படகின் கேப்டன். ஐலிஃபின் மனைவி குன்வோருக்கு அண்ணன். தாடியில் உப்பு காய்ந்திருந்தது. கண்கள் தூக்கத்தைப் பார்த்து மூன்று இரவுகள்.

குன்வோரின் சின்னப் படகு ஆளில்லாமல் மிதந்து வந்ததிலிருந்து ஊரே கடலில்தான் கிடந்தது. ஐலிஃபும் கையுறையோடு படகு முனையில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். பார்த்தவர்கள் அழுதார்கள். அவன் வீட்டு வாசலில் மீன் சூப்பும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். பாவம், நல்ல சனங்கள்!

"நீ கையைப் பாரு, மச்சான். நான் கடலுக்குப் போறேன். இன்னிக்கு எப்படியும் கிடைச்சிடுவா."

"உயிரோடயா, ஹால்வர்?"

"உயிரோடதான்டா! வேற மாதிரி பேசினே, பல்லைப் பேத்துடுவேன்."

ஹால்வரின் குரல் உடைந்தது. அவனுக்கு அவள் ஒரே தங்கை. அவள் உயிரோடு இருக்கிறாளா... இந்த உலகத்தில் அவனுக்கு வேண்டியது அந்த ஒரு சேதிதான்.

"ஐலிஃப்... முஷ்டி பிடிங்க" என்றார் டாக்டர்.

"முடியல..."

"முடிஞ்ச வரைக்கும்."

விரல்கள் மெல்ல மடங்கின. டாக்டர் குனிந்தார். விரல் நீட்டியிருந்தபோது தோலில் ஒரு கிழிசல் மட்டும். மடக்கியதும் அதற்கு நேர் கீழே தசைநாணில் இன்னொரு கிழிசல். அதற்குக் கீழே மூட்டுக்குள் ஓட்டை!

மூன்றும் ஒரே கோட்டில். மடக்கிய முஷ்டியில் பட்ட காயம்!

டாக்டர் நிமிர்ந்தார். அவர் முகத்திலிருந்த இரக்கம் காணாமல் போயிருந்தது.

"எக்ஸ்ரே எடுங்க. உடனே!"

பத்து நிமிஷம்.

திரையில் எலும்புகள். மூட்டின் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைச் சில்லு.

"இது உறை போட்ட பல்லோட துண்டு, ஐலிஃப்."

"மீனுக்குப் பல்லு இருக்குமே, டாக்டர்..."

"இருக்கும். எந்தக் கடல்ல மீனுக்குப் பல் டாக்டர் இருக்கார்?"

ஐலிஃப் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

ஹால்வர் திரைக்கு அருகில் வந்தான். மெதுவாக.

"குன்வோருக்கு முன்பல்லுல உறை உண்டு. பனிச்சறுக்குல விழுந்தப்ப போட்டது... மச்சான்?"

"அடிச்சேன்!" ஐலிஃப் வெடித்தான். "ஒரே ஒரு அடி! கோவத்துல! அவ பையைத் தூக்கிட்டு ஸ்வீடன்ல இருக்கற சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. போறப்ப என்னைப் பயமுறுத்தப் படகை அவுத்து விட்டுட்டா. அவமானமா இருந்துது... எப்படிச் சொல்றது?"

ஹால்வர் அவன் சட்டையைப் பிடித்தான். பிடித்த கை அப்படியே தளர்ந்தது.

"அப்போ... உயிரோட இருக்கா?"

"இருக்கா!"

ஹால்வர் சிரித்தான். அழுதான். இரண்டையும் ஒன்றாகச் செய்தான்.

"உன்னை அப்புறம் கொல்றேன்டா, நாயே! முதல்ல படகுகளைத் திரும்பி வரச் சொல்றேன்."

செல்போனை எடுத்தான்.

"கொஞ்சம் இருங்க, ஹால்வர்." டாக்டரின் பார்வை ஐலிஃபின் இடது கையில் இருந்தது. மோதிர விரலில் தங்க வளையம். "கல்யாண மோதிரத்தை நம்ம நாட்டுல வலது கையிலதானே போடுவோம். அது எப்போ இடது கைக்கு மாறும்?"

"இதென்ன கேள்வி? எங்கம்மாகூட அப்பா செத்த அன்னிக்குத்தான் மாத்தினாங்க..."

ஹால்வர் நிறுத்தினான்.

செல்போன் காதிலிருந்து இறங்கியது.

"வலது கை வீங்கிடுச்சு!" ஐலிஃப் அவசரமாகச் சொன்னான். "நேத்து சாயங்காலம் விரல் தாங்கல. அதான் கழட்டி மாத்தினேன்!"

"வீங்கின விரல்லேர்ந்து மோதிரம் கழலாது, ஐலிஃப். நாங்களே மோதிரத்தை வெட்டித்தான் எடுப்போம். இழுத்துக் கழட்டியிருந்தா கணுவில தோல் உரிஞ்சிருக்கும்." டாக்டர் வலது கை மோதிர விரலைத் திருப்பிக் காட்டினார். "ஒரு கீறல்கூட இல்ல. கை வீங்கறதுக்கு முந்தியே கழட்டியிருக்கீங்க. அவளை அடிச்ச அன்னிக்கே. எதுக்கு?"

ஐலிஃப் தன் இடது கையையே பார்த்தான். யாரோ அதை அங்கே கொண்டுவந்து வைத்தது போல.

"தெரியல..." குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "படிக்கல்லுல தலை மோதி விழுந்தா. மூச்சு இல்ல. நான் பக்கத்துல உக்காந்தேன். எப்போ மாத்தினேன்னே தெரியல, டாக்டர். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க..."

"எங்கேடா அவ?" ஹால்வர் சத்தமே இல்லாமல் கேட்டான்.

"படகுக் கொட்டகையில... தரைப் பலகைக்கு அடியில."

அந்தக் கொட்டகையின் வாசலில்தான் மூன்று நாளும் மீட்புப் படகைக் கட்டினான் ஹால்வர். அந்தப் பலகை மேல் உட்கார்ந்துதான் காபி குடித்தான். சுவரில் சாய்ந்து நின்றான்.

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார்.

"போலீஸைக் கூப்பிடுங்க. தியேட்டரையும் தயார் பண்ணுங்க. மூட்டைத் திறந்து கழுவணும். தையல் கிடையாது, காயம் திறந்தே இருக்கட்டும். இப்ப விட்டா விரல் போயிடும்."

"இவனுக்கா விரல்?" ஹால்வர் உறுமினான்.

"அந்தப் பல்லுதான் சாட்சி. அதைப் பத்திரமா எடுக்க வேண்டாமா?"

ஹால்வர் கேட்கவில்லை. பாய்ந்தான். உப்பில் காய்ப்பேறிய முஷ்டி ஐலிஃபின் வாயை நோக்கி உயர்ந்தது.

டாக்டர் அந்த மணிக்கட்டைப் பாதி வழியிலேயே பிடித்துவிட்டார்.

"பல்லுல குத்தாதீங்க, ஹால்வர்... இன்னிக்கு எனக்கு ஒரு ஆபரேஷன் போதும்!"