ஆட்டுக்குட்டி தின்ற மூன்றாம் அங்கம்

"ஐயய்யோ... பூங்கோதையைத் தின்னுடுச்சே!"

பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பு மூட்டி ஓடிய சேலம் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். யார் குழந்தைக்கோ ஆபத்து என்றுதான் நினைத்தார்கள். பார்த்தால்... பின் சீட்டிலிருந்து தலையை நீட்டிய ஒரு செம்மறிக் குட்டி, வாயோரம் ஒரு துண்டுக் காகிதம் தொங்க, நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

பூங்கோதை, கந்தம்மாள் எழுதிய நாடகத்தின் நாயகி. ஜலகண்டாபுரத்தில் ஏறும்போது மூன்று அங்கங்களும் மடியில் பத்திரமாக இருந்தன. வழியெல்லாம் வசனத்தை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கண் அசந்தாள். அவ்வளவுதான்... மூன்றாம் அங்கம் போயே போய்விட்டது!

"ஏனுங்க, இது உங்க ஆடுங்களா?"

கயிற்றைப் பிடித்திருந்த வாலிபன் தீர்த்தகிரி வாயைத் திறந்தான். மூட மறந்தான். கோபத்தில் இப்படி மின்னுகிற கண்களை அவன் எந்தப் பூதக்கண்ணாடியிலும் பார்த்ததில்லை...

"ஆ... ஆமாங்க. ஆனா இது வெறும் ஆடு இல்லைங்க. ஆராய்ச்சிங்க. மேச்சேரி ஆட்டுக்கு ஏன் கம்பளி மொளைக்கலைன்னு பல்கலைக்கழகத்துல..."

"பல்கலைக்கழகமா? நாடகமும் அங்கேதானுங்க! சனிக்கிழமை விழாவுல!"

இருவரும் ஒரே பல்கலைக்கழகம். சேலத்தில் ரயிலேறிப் போக வேண்டும். அவன் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். அவள் தமிழ் படிப்பவள். அந்த வருஷத்து விழாவில் ஒவ்வொரு துறையும் தன் சரக்கைக் கடை பரப்பப் போகிறது. ரசாயனக்காரர்கள் ஆவாரம்பட்டையில் சாயம் காய்ச்சுகிறார்கள். சங்கீதக்காரர்கள் புதுக் கீர்த்தனை வைத்திருக்கிறார்கள். பொருளாதாரத்தில் ஒருவன் சந்தை சந்தையாக அலைந்து நெய் விலையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறான். இத்தனைக்கும் நடுவில் மேடையேறப் போகும் ஒரே நாடகம் கந்தம்மாளுடையது!

வருத்தம் தெரிவிக்கத்தான் நினைத்தான் தீர்த்தகிரி. நாக்கு வேறு வழியில் போயிற்று.

"நாடகந்தானுங்களே... கற்பனைதானே, மறுபடி எழுதிக்கலாம். மசி வயித்துல போயி இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் ரெண்டு வருஷ உழைப்பு போயிருமுங்க."

"ஓஹோ! நீங்க ஆட்டு மயிரை ஆராஞ்சா உழைப்பு... நான் எழுதினா கற்பனையா? நல்லாருக்குதுங்க உங்க சயன்ஸு!"

முன் சீட்டிலிருந்து அவள் அப்பா சண்முகவேல் திரும்பினார். நாலு தறிக்குச் சொந்தக்காரர். கறாரான மனுஷர்.

"போச்சா? அப்ப ஊட்டுக்கே திரும்பிரலாம் சாமி. நாடகம் மேடையேறி நாலு பேரு மெச்சினா மேல படி, இல்லாட்டித் தையில கலியாணம்னுதானே பேச்சு?"

கந்தம்மாளின் கண்ணில் மின்னல் அணைந்தது. அதைப் பார்த்த தீர்த்தகிரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இனி இவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாரமங்கலத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. சோவென்று கொட்டியதில் பஸ்ஸின் கரியடுப்பு அவிந்து, வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி ஒரு டீக்கடைக் கூரைக்குள் ஒண்டினார்கள். நனைந்த குட்டி நடுவில் நின்று உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது பாருங்கள்... ஒருத்தர் பாக்கியில்லாமல் அபிஷேகம்!

"துலுக்கிருச்சு! சாமி உத்தரவு குடுத்திருச்சு!" என்று கூட்டம் சிரித்தது. கோயில் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது உடம்பை உலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று வெட்டிப் பலி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

எதற்கு உத்தரவோ... தீர்த்தகிரிக்குத் துணிச்சல் வந்தது. சண்முகவேலிடம் போனான்.

"தப்பு என்னுதுங்க. பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள எழுதிக் குடுத்தர்றோமுங்க."

"எழுதுங்க பாக்கலாம்" என்று அவர் டீயை ஆற்றினார்.

கந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "அத்தனை வசனத்துக்கு எங்கீங்க போறது?" என்றாள்.

"'அரண்மனைக் கதவு எனக்குச் சிறியது இளவரசே, என் தறி அதில் நுழையாது'... அங்கிருந்து ஆரம்பிக்குதுங்க மூணாவது அங்கம்."

அவள் சரேலென்று திரும்பினாள். "உங்களுக்கு எப்படி..."

"நீங்க முணுமுணுத்துட்டே வந்தீங்க. நான்... கேட்டுட்டே வந்தேன். அதுலதானுங்க குட்டியை மறந்துட்டேன்."

அட, இவனா கற்பனை என்று சொன்னவன்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எழுதத் தாள்? அவன் விழாவில் மாட்டவிருந்த படங்களை உறையிலிருந்து உருவினான்.

"ஐயோ, உங்க ஆராய்ச்சிங்க இது!"

"பின்பக்கம் காலிதானுங்க. எழுதுங்க."

மழை கொட்ட, பேனா பறந்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவன் தடுமாறிய இடத்தில் முன்னைவிட அழகாகவே வந்தது. கடைசியில் இளவரசன் கேட்கிறான்... 'என்னோடு வருவாயா?'

"அதுக்கு அவ என்ன சொன்னா? அது மட்டும் எனக்குக் கேக்கலைங்க..."

கையால் மறைத்து எழுதினாள் கந்தம்மாள். "சனிக்கிழமை வந்து கேட்டுக்குங்க."

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. விலங்கியல் படங்கள் ஒரு பக்கம் ஆடும் மறுபக்கம் நாடகமுமாகக் கயிற்றில் தொங்க, அதைப் பார்க்கவே ஒரு கூட்டம்! மேடையில் பூங்கோதை நிமிர்ந்து நின்றாள்.

"வருகிறேன். ஆனால் என் தறியையும் கொண்டுதான் வருவேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன் வரிசையில் சண்முகவேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் வந்து மகளின் தலையைத் தொட்டார்.

"படி சாமி. உனக்கு வேணுங்கற மட்டும் படி."

அந்தச் சந்தோஷத்தோடு ஓடி வந்தவள், தோட்டத்துக் குழாயடியில் குட்டியோடு நின்றவனைக் கண்டு நின்றாள். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"பூங்கோதை தறி மாதிரி... நீங்க எங்க போனாலும் உங்க படிப்பும் கூட வரட்டுமுங்க. முடியற மட்டும் நான் காத்திருப்பேன். அன்னைக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததுல இருந்து எனக்கு வேற நெனப்பே இல்லீங்க. நான்... உங்க அய்யன்கிட்ட வந்து கேக்கட்டுங்களா?"

நேரே பதிலுக்குக் காத்திருக்கத் தைரியமில்லாமல், ஒரு கை தண்ணீரை அள்ளிக் குட்டியின் மேல் ஊற்றினான். "உங்களுக்குச் சம்மதம்னா இது துலுக்கட்டும்!"

"துலுக்கினா வெட்டிருவாங்க, தெரியுமில்லீங்க?"

"வெட்டுப்படறது நான்தானுங்க..."

குட்டி அசையவில்லை. இன்னொரு கை ஊற்றினான். ஊஹூம். எங்கிருந்தோ கவ்விய தோரணத் தாளை மென்றுகொண்டு மரம் போல் நின்றது. அவன் முகம் வாடிப் போயிற்று.

கந்தம்மாள் குழாயைத் திறந்தாள். இரு கையும் நிறையத் தண்ணீர் பிடித்து, தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். பிறகு கண்ணை இறுக மூடி, தலையைச் சிலிர்த்து ஓர் உலுக்கு உலுக்கினாள்... அவன் முகமெல்லாம் தண்ணீர்.

"உத்தரவு கெடச்சிருச்சுங்களா?"